பொங்கல் வாழ்த்து அட்டையைக் கையால் எழுதி அனுப்பப் போகிறேன், உள்ளே என்னதான் எழுதுவது?

கோவைக்கிளி:
இந்தத் தைக்கு வாட்ஸ்அப்பில் பானைப் படம் அனுப்புவதை விட்டுவிட்டு அட்டை எழுதிப் போடலாம் என்று தோன்றியது. ஆர்வத்தில் 40 அட்டையும் உறையும் வாங்கிவிட்டேன். நேற்று ராத்திரி உட்கார்ந்தால் மூன்றாவது அட்டையிலேயே கை நின்றுவிட்டது. "இனிய பொங்கல் நல்வாழ்த்துக்கள், தங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்" என்று எழுதினால் அச்சடித்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அப்புறம் பாதிப் பேருக்கு முகவரி தெரியாது. கேட்டால் "எதுக்கு, கல்யாணமா?" என்கிறார்கள். யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா?

வைகைமணல்:
முதலில், நல்வாழ்த்துகள். க் வராது. (தெரியும், இதைச் சொல்ல ஒருவன் வருவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள்.)

உங்கள் கேள்விக்கு: எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டியில் பழைய பொங்கல் அட்டைகள் கிடக்கின்றன. கரும்பு, காளை, சினிமா நடிகர் படம் போட்டவை, கடைவீதியில் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்பார்களே அவை. எல்லாவற்றிலும் அதே வாழ்த்துதான், அதனால் படத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவோம். ஆனால் பெரியப்பா போட்ட ஒரு அட்டையை மட்டும் வருடா வருடம் யாராவது எடுத்து உரக்க வாசிப்பார்கள். வாழ்த்துக்குக் கீழே மூலையில் நெருக்கி, "செவலை கன்று போட்டிருக்கிறது, கிடேரி. சீம்பால் கொடுத்தனுப்ப ஆள் இல்லை" என்று எழுதியிருப்பார். அந்தச் செவலையும் இல்லை, பெரியப்பாவும் இல்லை, ஆனால் அதைப் படித்ததும் அந்தத் தொழுவம் அப்படியே கண்ணில் நிற்கிறது. அந்த மாதிரி உங்கள் வீட்டுச் சேதி ஒன்று, இல்லாவிட்டால் அவரிடம் மட்டும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று. இரண்டு வரி போதும். 40 பேருக்கு அப்படி எழுத முடியாது, 12 பேருக்கு எழுதுங்கள், மிச்ச அட்டையை அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாம்ப்தாத்தா:
30 வருடத்துக்கு மேல் தபால் கவுண்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சில விஷயம் சொல்கிறேன் அம்மா.

அந்தக் காலத்தில் முக்கால்வாசி வாழ்த்து அட்டை புக் போஸ்ட்டில்தான் போகும். உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகிவிடுவார்கள், தபால்தலைக் காசு குறையும். ஆனால் உள்ளே கடிதம் மாதிரி எழுதிவிட்டால் அது கடிதக் கட்டணம். ஐந்து வார்த்தைக்கு மேல் எழுதாதே என்று எல்லா வீட்டிலும் பெரியவர்கள் பிள்ளைகளை மிரட்டுவார்கள். வைகைமணல் தம்பியின் பெரியப்பா எப்படித் தப்பித்தார் என்று தெரியவில்லை, என் கவுண்ட்டருக்கு வந்திருந்தால் மாட்டியிருப்பார்!

நீங்கள் உறையை ஒட்டி, சாதாரணக் கடிதமாகவே போடுங்கள். 20 கிராம் வரை 5 ரூபாய். கெட்டி அட்டை, கெட்டி உறை, உள்ளே போட்டோ என்று சேர்ந்தால் 20 கிராமைத் தாண்டிவிடும், ஒன்றைக் கவுண்ட்டரில் எடை போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்கு ஒட்டுங்கள். தபால்தலை குறைந்தால், குறைந்த தொகையைப் போல் இரண்டு மடங்கை வாங்குகிறவரிடம் வசூலிப்பார்கள். வாழ்த்து வாங்க அவர் காசு கொடுப்பது நன்றாகவா இருக்கும்?

பின்கோடு 1972-இல் வந்தது, இன்னும் அது இல்லாமல் பெட்டியில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய கதவு எண், புதிய எண் இரண்டும் எழுதுங்கள், கைபேசி எண்ணும் இருந்தால் நல்லது. ஜனவரி முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள், மாட்டுப் பொங்கல் முடிந்து வந்தால் ருசிக்காது.

நெல்லைச்சீமை:
முகவரிக்கு ஒரு வழி. உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்ப ஒரு நோட்டில் முகவரி எழுதியிருப்பார்கள், அம்மாவிடம் கேளுங்கள், பீரோவில் இருக்கும். மொய் நோட்டில் ஊர்ப் பெயர் மட்டும்தான் கிடைக்கும், பின்கோடு கிடைக்காது, நான் தேடிப் பார்த்து ஏமாந்தவள்.

பேனா விஷயம்: வழுவழு அட்டையில் ஜெல் பேனா காயாது, மடித்ததும் எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்ளும். போன வருடம் என் சின்ன மாமனாருக்குப் போன அட்டையில் "அன்பு" என்பது ஒரு நீலக் கறையாகப் போய்ச் சேர்ந்தது. பால்பாயின்ட் பேனாதான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த வருடம் துக்கம் நடந்த வீடு ஏதாவது பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அவர்கள் பொங்கல் வைக்க மாட்டார்கள். அந்த வீட்டு வாசலில் கரும்புப் படம் போட்ட அட்டை போய் விழக் கூடாது.

டல்லாஸ்தமிழன்:
அமெரிக்காவிலிருந்து அனுப்ப நினைப்பவர்களுக்கு: 2013-இல் வந்த குளோபல் ஃபாரெவர் என்ற வட்டத் தபால்தலை ஒன்று ஒட்டினால் ஒரு அவுன்ஸ் வரை எந்த நாட்டுக்கும் போகும், பின்னால் விலை ஏறினாலும் செல்லும். சதுர உறை மட்டும் வாங்காதீர்கள், அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் உண்டு. நான் டிசம்பர் தொடக்கத்திலேயே போட்டுவிடுவேன். ஒரு தடவை சிவராத்திரிக்குப் போய்ச் சேர்ந்தது, அத்தை அதையும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

கோவைக்கிளி:
எல்லோருக்கும் நன்றி. தாத்தா, எடை போட்டேன், 14 கிராம்தான், பிழைத்தேன். பத்திரிகை நோட்டும் கிடைத்தது, ஆனால் அதில் பாதிப் பேர் வீடு மாறிவிட்டார்கள்.

நெல்லைச்சீமை அக்கா, நீங்கள் சொன்னதும் பக்கென்றது. கல்லூரித் தோழி ஒருத்தியின் அப்பா ஆவணியில் தவறிவிட்டார். அவளுக்குத்தான் நான் முதல் அட்டையே எழுதி, உறையை ஒட்டி, மேலே மேளம் அடிக்கும் ஸ்டிக்கர் வேறு ஒட்டி வைத்திருந்தேன். இப்போது அதை எடுத்து வைத்துவிட்டு ஓர் இன்லேண்ட் லெட்டர் வாங்கி வந்தேன். வாழ்த்து எதுவும் இல்லை. விடுதிக்கு அவளைப் பார்க்க வரும்போதெல்லாம் அவள் அப்பா எங்கள் அறையில் இருந்த ஐந்து பேருக்கும் எண்ணி ஐந்து பொட்டலம் காராச்சேவு வாங்கி வருவார், அதை எழுதினேன். பக்கம் போதவில்லை, ஓரத்தில் திருப்பி எழுத வேண்டியதாகிவிட்டது.