செடிக்கட்டில் வரும் ஈயப்பட்டை: உங்கள் தொட்டியில் என்ன நடந்தது?

காரைக்குடியிலிருந்து (திரியைத் தொடங்கியவர்):

எல்லோருக்கும் வணக்கம். மீன் தொட்டிக்கு கபோம்பா, ஹைட்ரில்லா, லட்விஜியா என்று எந்தச் செடியை வாங்கினாலும் ஐந்தாறு தண்டுகளைச் சேர்த்து, அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டையைச் சுற்றித் தருவார்கள் இல்லையா, அதைப் பற்றித்தான் இந்தத் திரி. நான் நான்கு வருடமாக அதைப் பிரித்ததே இல்லை. கட்டோடு மணலில் புதைத்துவிடுவேன். மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதனால் யோசிக்கவும் இல்லை.

போன ஆடி மாதம் தொட்டியைக் கழுவுவதற்காக எல்லாவற்றையும் வளவில் எடுத்துப் போட்டிருந்தேன். ஆறு வயது மகன் பக்கத்தில் உட்கார்ந்து பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளையாக உதவி செய்கிறான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தால், நடுவில் இரண்டு பல் பதிந்த குழி. நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. பிரிக்க வரவில்லை என்று வாயில் வைத்துக் கடித்து இழுத்திருக்கிறான்.

செடி வாங்கிய கடைக்குப் போன் போட்டேன். "அது ஈயம்தாங்க, ரசம் வைக்கிற ஈயம். ஒன்னும் பண்ணாது" என்றார்கள். இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே இருந்து வந்த எங்கள் அப்பத்தா சொன்னது: "ரசச் சொம்பு வெள்ளீயம் ஆத்தா. வலையில கட்டுற குண்டு காரீயம். பேரு ஒன்னா இருந்தா பொருளும் ஒன்னாயிருமா?"

அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். குழந்தைகளின் உடம்பில் காரீயம் (லெட்) இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லும்படி ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வளரும் மூளையைப் பாதிக்கிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான் வரம்பு. அதாவது 100 லிட்டர் தொட்டியில் ஒரே ஒரு மில்லிகிராம் கரைந்தால் அந்த வரம்பு வந்துவிடும். தொட்டித் தண்ணீரை யார் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். வாராவாரம் மாற்றும் தண்ணீரை நான் கீரைப் பாத்திக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மருத்துவர் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொன்னார். பயப்படும்படி இல்லை என்று வந்தது. அந்த முடிவு வரும்வரை எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. உங்கள் வீட்டில் இந்தப் பட்டையோடு நடந்தது எதுவானாலும் எழுதுங்கள், நல்லதோ கெட்டதோ.

தேவகோட்டையிலிருந்து:

ஆச்சி, பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்றதில் நிம்மதி.

என் அனுபவம் வேறு மாதிரி. என் தொட்டியில் இருப்பது பட்டை கூட இல்லை, வீச்சு வலையில் கோர்க்கும் ஈயக்குண்டு. கண்மாயில் மீன்பிடிக்கப் போன காலத்து வலை நைந்துபோனதும் குண்டுகளைக் கழற்றி வாலிஸ்நேரியா வேருக்குக் கட்டினேன். ஏழு வருடம் ஆகிறது. தங்கமீன் இரண்டும் கை நீளம் வளர்ந்திருக்கின்றன. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடும் உப்பு; குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து நிற்கும். குண்டுகளின் மேலும் அதே போல ஒரு வெள்ளைப் பூச்சு ஏறியிருக்கிறது. எனக்குத் தெரிந்து எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் என் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை, இறாலும் வளர்க்கவில்லை. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளத்தூரிலிருந்து:

எங்களுடையது நகைப் பட்டறை. பட்டை காரீயமா வேறு உலோகமா என்று பலர் கேட்கிறார்கள். பட்டறைத் தராசில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம், வீட்டிலும் செய்யலாம். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு இருந்தால் போதும்.

முதலில் பட்டைகளை நன்றாகக் கழுவித் துடைத்து எடை போடுங்கள். ஒன்றிரண்டு போதாது, ஐந்தாறாவது சேர்த்துப் போடுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். பட்டைகளை மெல்லிய நூலில் கட்டி, தம்ளரின் அடியிலோ பக்கத்திலோ படாமல், முழுவதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். இப்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறதோ அத்தனை மில்லிலிட்டர்தான் பட்டையின் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி.

எங்கள் வீட்டுத் தொட்டியில் இருந்து எடுத்த ஐந்து பட்டைகள் 23.65 கிராம். தண்ணீரில் தொங்கவிட்டபோது 2.10 காட்டியது. வகுத்தால் 11.26. சுத்தக் காரீயம் 11.34. நூலில் ஒரு குமிழி ஒட்டியிருந்தாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். ஆக, காரீயம்தான். வேறொரு கடையில் வாங்கிய கட்டில் இருந்தவை 14.80 கிராம், தண்ணீரில் 2.07. அடர்த்தி 7.15. அது துத்தநாகமாக இருக்கலாம் (7.14), வெள்ளீயமாகவும் இருக்கலாம் (7.3). இந்த இரண்டையும் இந்த முறையில் நம்பிப் பிரிக்க முடியாது. ஆனால் காரீயம் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஏழரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஏதாவது வந்தால் கலப்பாக இருக்கலாம்.

வெள்ளைத் தாளில் தேய்த்துப் பார்ப்பதும் உண்டு. காரீயம் பென்சில் மாதிரி கோடு விடும். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. உருக்கிப் பார்க்கலாமா என்று யாரும் கேட்க வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரியிலும் காரீயம் 327 டிகிரியிலும் உருகும் என்பது உண்மைதான், ஆனால் காரீயத்தை அடுப்படியில் சூடு காட்டவே கூடாது.

கானாடுகாத்தானிலிருந்து:

நான் இறால் வளர்க்கிறேன். 40 லிட்டர் தொட்டி, முப்பது செர்ரி இறால், கொஞ்சம் ராம்ஸ்ஹார்ன் நத்தை. என் கதையில் பட்டை மேல் நான் வீண்பழி போட்டேன், அதனால் நீளமாகவே எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் பாதித் தண்ணீரை மாற்றினேன். அடுத்த நாள் காலையில் இறால்கள் பைத்தியம் பிடித்த மாதிரி மேலும் கீழும் ஓடின. மத்தியானத்துக்குள் பதினோரு இறால் பக்கவாட்டில் விழுந்து காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன. நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டுவிட்டன. அதே வாரம் புதுச் செடி போட்டிருந்ததால் பட்டைதான் காரணம் என்று முடிவு கட்டி அத்தனையையும் பிடுங்கினேன். பதறிப்போய் மறுபடியும் தண்ணீர் மாற்றினேன். மறுநாள் இன்னும் ஒன்பது போயின.

பட்டையை எடுத்த பிறகும் சாவு நிற்கவில்லை என்றால் நான் ஊற்றும் தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? முற்றத்தில் நான்கு பக்க ஓட்டில் இருந்தும் விழும் மழைத் தண்ணீர். எங்கள் ஐயா காலத்தில் இருந்தே அதை ஒரு பெரிய செம்பு அண்டாவில்தான் பிடித்து வைப்போம். அண்டாவைச் சாய்த்துப் பார்த்தேன். தண்ணீர் நின்ற மட்டத்தில் உள்சுற்று முழுக்க ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கோடு. காப்பர் டெஸ்ட் கிட் வாங்கி அண்டாத் தண்ணீரில் போட்டதும் நிறம் மாறிவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் மாறவே இல்லை.

இறாலுக்கும் நத்தைக்கும் செம்பு மீனைவிடப் பெரிய விஷம். மீனுக்குப் போடும் சில மருந்துகளிலும் செம்பு இருக்கிறது, இறால் தொட்டிக்காரர்கள் புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள். இப்போது மழைத் தண்ணீரை மண்பானையில் பிடித்து, பாதிக்குப் பாதி கிணற்றுத் தண்ணீர் கலந்து விடுகிறேன். வெறும் மழைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கிடையாது, இறாலுக்கு ஓடு கட்டாது. மிஞ்சிய பத்தில் இருந்து இன்று எண்பதுக்கு மேல் இருக்கின்றன. பட்டையை மட்டும் திரும்ப வைக்கவில்லை.

கோட்டையூரிலிருந்து:

தேவகோட்டை அண்ணே சொன்னதும் கானாடுகாத்தானில் நடந்ததும் ஒரே விஷயத்தின் இரண்டு முகம் என்று எனக்குப் படுகிறது. எங்கள் பெரியப்பா காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் அரிமானப் பிரிவில் இருந்தவர். (அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953-இல் திறக்கப்பட்ட இடம். உலோகம் துருப்பிடிப்பதை ஆராய நம் ஊரிலேயே இத்தனை பெரிய கூடம் இருப்பதில் எனக்கு எப்போதும் பெருமை.) அவரிடம் திரியைப் படித்துக் காட்டினேன்.

சுண்ணாம்பு உப்பு கூடிய கடினத் தண்ணீரில் காரீயத்தின் மேல் கார்பனேட் படிந்து போர்வை மாதிரி மூடிக்கொள்கிறது, கரைவது குறைகிறது. அண்ணன் குண்டின் மேல் இருக்கும் பூச்சில் அதுவும் இருக்கும் என்றார். மழைத் தண்ணீர் மென்மையானது, லேசான புளிப்பும் உண்டு. அதில் காரீயம், செம்பு, துத்தநாகம் எல்லாமே கூடுதலாகக் கரையும். செடிக்காக கார்பன் டை ஆக்சைடு விடும் தொட்டிகளும், தண்ணீரைப் புளிப்பாக்கும் செடி மண் போட்ட தொட்டிகளும் இதே கணக்கில்தான் வரும். துத்தநாகப் பட்டை என்றால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம். மென்மையான தண்ணீரில் துத்தநாகம் மீனின் செவுளைப் பாதிக்கும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொன்னார். பட்டை நழுவுகிறது என்று அதன் மேல் செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு உலோகம் ஒட்டிக்கொண்டு தண்ணீரில் கிடந்தால் அது பேட்டரி மாதிரிதான். பட்டை வேகமாக அரிக்கும்.

காரைக்குடியிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பிரித்தபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பட்டை இறுக்கிய இடத்தில் தண்டுகள் பழுப்பாகிக் கொழகொழவென்று இருந்தன, தொட்டால் தோல் உரிந்து கையோடு வந்தது. இத்தனை நாளும் அடியில் அழுகி மேலே மிதந்து வந்த செடிகளுக்கு உரம் போதவில்லை என்று நினைத்திருந்தேன். இப்போது நசுங்கிய ஒரு அங்குலத்தை வெட்டி, அடி இலைகளைக் கிள்ளி, ஒவ்வொரு தண்டாக இரண்டு விரல் இடைவெளியில் இடுக்கியால் ஊன்றுகிறேன். வேர் பிடிக்கும் வரை தண்டைச் சுற்றி நாலு கூழாங்கல். அனூபியாஸ், ஜாவா ஃபெர்னை மணலில் புதைக்கவே வேண்டாம், பருத்தி நூலால் கல்லில் கட்டினால் போதும். என் நாத்தனார் ஆத்தங்குடிக் கல் உடைந்ததை எடுத்து எடைக்கு வைத்துவிட்டார். அது சிமெண்டும் சாயமும், தண்ணீரின் காரத்தன்மை (பிஎச்) ஏறிவிட்டது. கருங்கல் துண்டுதான் நல்லது.

மகனுக்குத் தொட்டியில் கைவைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று பழக்கியிருக்கிறேன். கீரைப் பாத்தியின் மேல்மண்ணை மாற்றிவிட்டேன்.

கழற்றிய பட்டைகள் நாற்பத்தொன்று இருக்கின்றன, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிப் பரணில் வைத்திருக்கிறேன். பள்ளத்தூர் அண்ணே, பட்டறைக்குக் கொண்டு வந்தால் எடை போட்டுச் சொல்வீர்களா?

பள்ளத்தூரிலிருந்து:

ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, காலையில் பத்து மணிக்கு வாருங்கள் ஆச்சி. வாங்கிய கடை வாரியாகப் பிரிக்க முடிந்தால் பிரித்துக் கொண்டு வாருங்கள். தம்பி கடித்த துண்டைத் தனியாகச் சுற்றி வையுங்கள், அதை முதலில் போடுவோம்.