அண்மைக்கால அமெரிக்க அதிபர்களில் ஆக மோசமானவர் யார்?

கணக்குப்பிள்ளை:
1929 முதல் வெள்ளை மாளிகையில் இருந்தவர்கள் மட்டும்தான் கணக்கு. புக்கானன், ஆண்ட்ரூ ஜான்சன் என்று பழைய ஆட்களைக் காட்டி யாரும் நழுவ வேண்டாம். என் தேர்வு இளைய புஷ். இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காரணம் காட்டி 2003 மார்ச்சில் இராக்கின்மீது படையெடுத்தார். மே 1 அன்று விமானந்தாங்கிக் கப்பலில் 'பணி நிறைவேறியது' என்ற பதாகை பின்னால் தொங்க உரையாற்றினார். இராக்கில் இறந்த அமெரிக்கப் படையினர் ஏறத்தாழ 4,500 பேர். அந்தப் பதாகை கட்டிய நாளில் எண்ணிக்கை 150ஐக்கூடத் தொடவில்லை. மாண்ட இராக்கியர்களோ லட்சக்கணக்கில். வேறு தராசு எதற்கு? பிணங்களை எண்ணினால் போதும்.

வைகைக்கரை:
தவறான போர்தான், மறுக்கவில்லை. ஆனால் 2002 அக்டோபரில் செனட்டில் 77 பேர் அதற்கு ஆதரவாக வாக்களித்தார்களே, அவர்களை எங்கே வைப்பீர்கள்? எய்ட்ஸ் நோயாளிகளுக்காக அதே புஷ் 2003இல் தொடங்கிய திட்டம் ஆப்பிரிக்காவில் காப்பாற்றிய உயிர்களையும் எண்ணுவீர்களா?

புஷ் செய்தது பிழை. நிக்சன் செய்தது குற்றம். வாட்டர்கேட் என்றால் எல்லாரும், 1972இல் அந்தக் கட்டடத்திலிருந்த எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் திருட்டுத்தனமாக நுழைந்ததைப் பேசுகிறார்கள். பிறகு நடந்த மூடிமறைப்புதான் எனக்கு அருவருப்பு. வெள்ளை மாளிகைப் பேச்சுகளை நிக்சனே பதிவுசெய்து வைத்த ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் காணவில்லை. அவருடைய செயலாளர் ரோஸ் மேரி வுட்ஸ், தவறான பொத்தானை அழுத்திவிட்டு, மிதியிலிருந்து காலை எடுக்காமலே தொலைபேசியில் பேசியதால் ஐந்து நிமிடம்போல் அழிந்திருக்கலாம் என்றார். அதை நடித்தும் காட்டினார். ஒரு கை பின்னால் எட்டித் தொலைபேசியில், கால் முன்னால் நீண்டு மிதியில், உடல் வில்லாக வளைந்து இருக்கிறது அந்தப் புகைப்படத்தில். அப்படி ஐந்து நிமிடம் யாராலாவது இருக்க முடியுமா, வீட்டில் செய்து பாருங்கள். மிச்சப் பதின்மூன்று நிமிடத்தை அழித்த கை எது என்பது இன்றுவரை தெரியாது.

கணக்குப்பிள்ளை:
அகப்பட்டுக்கொண்டாரே! ஒலிநாடாக்களைக் கொடு என்று 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. ஆகஸ்ட் 9இல் பதவி விலகினார். திருடன் பிடிபட்ட ஊரில் காவல் இருக்கிறது என்றுதானே பொருள்? இராக்குக்காக யார் பதவி விலகினார்? அதோடு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் 1972 சீனப் பயணமும் நிக்சனின் வரவுப் பக்கத்தில் இருக்கின்றன.

ஓய்வூதியர்:
பிணங்களை எண்ணினால் போதும் என்றீர்கள், தம்பி. எண்ணுவோம். நிக்சன் பதவியேற்ற பிறகு மட்டும் வியட்நாம் போரில் இறந்த அமெரிக்கர்கள் 20,000க்கும் மேல். 1969இல் தொடங்கிய கம்போடியக் குண்டுவீச்சை நாட்டுக்கே மறைத்தார். 1971 ஏப்ரலில் டாக்காவிலிருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி ஆர்ச்சர் பிளட்டும் சகாக்களும், கிழக்குப் பாகிஸ்தானில் நடக்கும் படுகொலையைத் தங்கள் அரசு கண்டிக்கவில்லை என்று தந்தி அனுப்பினார்கள். பிளட்டை அங்கிருந்து மாற்றினார்கள். பாகிஸ்தானின் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கானை அரவணைத்துக்கொண்டார்கள். அந்த டிசம்பரில், இந்திய-பாகிஸ்தான் போரின்போது, எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் வங்கக் கடலுக்கு வருகிறது என்று செய்தி வந்தபோது நான் கல்லூரி மாணவன். விடுதியில் ஒரே வானொலிப்பெட்டி. அன்றிரவு இரவுச் சாப்பாட்டுக்கு யாரும் எழுந்து போகவில்லை. இதில் எதற்காக அவர் பதவி விலகினார்? எதற்குமே இல்லை. ஊர்க்காவல் பிடித்தது கோழித் திருட்டை மட்டும்தான்.

புதியவன்:
2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்ததை யாரும் பேசவில்லையே! தோற்ற பிறகும் தோல்வியை ஏற்காத டிரம்ப் எப்படி விடுபட்டார்?

வைகைக்கரை:
சூடு ஆறட்டும், நண்பரே. 1952இல் அதிபர் ட்ரூமனுக்குக் கருத்துக்கணிப்பில் ஆதரவு 22 சதவீதம்தான். இன்று வரலாற்றாசிரியர்கள் அவரை முதல் பத்துக்குள் வைக்கிறார்கள்.

நெல்லிக்கனி:
ஆறினால் எல்லாருக்கும் நல்ல பெயர் வந்துவிடுமா, என்ன? 1929இல் பதவியேற்ற ஹூவருக்குத் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் விடியவில்லை. முதல் உலகப் போரில் பெல்ஜியத்துக்கே சோறு போட்டவர். சொந்த நாட்டில் பட்டினி வந்தபோது கை உறைந்துவிட்டது. 1932 கோடையில், 1945இல் தரவேண்டிய ஊக்கத்தொகையை இப்போதே கொடுங்கள் என்று முன்னாள் படைவீரர்கள் குடும்பத்தோடு வாஷிங்டனுக்கு வந்து, ஆற்றங்கரையில் தகரமும் அட்டையும் வைத்துக் குடிசை போட்டார்கள். ஜூலை 28 அன்று தரைப்படைத் தலைவர் மக்ஆர்தர் தலைமையில் குதிரைப்படை, டாங்கி, கண்ணீர்ப்புகை. இரவில் குடிசைகள் எரிந்தன. ஆற்றைத் தாண்டாதே என்ற ஹூவரின் உத்தரவை மக்ஆர்தர் மீறினார் என்பார்கள். சரி, மீறியவரை ஹூவர் தண்டித்தாரா? இல்லை.

கணக்குப்பிள்ளை:
ஓய்வூதியர் ஐயா என் தராசாலேயே என் தலையில் அடித்துவிட்டார். நிக்சனைப் புஷ்ஷுக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கிறேன். ஹூவரை மட்டும் ஏற்க மாட்டேன். பதவியேற்று எட்டாவது மாதத்தில் பங்குச்சந்தை விழுந்தால் அவர் என்ன செய்வார்?

நெல்லிக்கனி:
சந்தை விழுந்ததற்கு அவரைக் குறை சொல்லவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருளாதார அறிஞர்கள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகும், 1930 ஜூனில், இறக்குமதி வரியை உயர்த்திய ஸ்மூட்-ஹாலி சுங்கவரிச் சட்டத்தில் கையெழுத்திட்டாரே, அதற்குப் பதில் சொல்லுங்கள்.