மூவாயிரம் ரூபாய் நான்ஸ்டிக் கல்லில் தோசை ஒட்டுகிறது

குடந்தை வாசகி:
3,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய நான்ஸ்டிக் தோசைக்கல், அடுத்த தீபாவளிக்குள் பல்லிளித்துவிட்டது. நடுவில் உள்ளங்கையளவு பூச்சு மங்கி, மாவு அங்கே மட்டும் பிடித்துக்கொள்கிறது. ஓரம் முறுகலாக எழும்பி வருகிறது. நடுப்பகுதி கல்லோடு தங்கிவிடுகிறது. மரக்கரண்டி தவிர வேறெதுவும் அதன்மேல் பட்டதில்லை. கடையில் கேட்டால், உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்குத்தானாம், பூச்சுத் தேய்வுக்குக் கிடையாதாம். அதில் தேயக்கூடியதே பூச்சு ஒன்றுதானே?

மன்னார்குடிக்காரன்:
சகோதரி, அடுப்பையும் கொஞ்சம் பாருங்கள். வெறும் கல்லைக் காயவைத்து, தண்ணீர் தெளித்துச் சூடு பார்ப்பது நம் வழக்கம். அது இரும்புக்குச் சரி. நான்ஸ்டிக் கல்லின் டெஃப்லான் பூச்சு 260 டிகிரி செல்சியசுக்கு மேல் கெடத் தொடங்கும். பெரிய தீயில் வெறும் கல் சில நிமிடங்களில் அந்தச் சூட்டை எட்டிவிடும். காய்ந்த கல்லில் தண்ணீர் பட்டால் அடி வளையும். எங்கள் வீட்டில் மிதமான தீதான். கல் நன்றாக உழைக்கிறது.

குடந்தை வாசகி:
மிதமான தீயில் வெளுத்த தோசைதான் வருகிறது ஐயா. அட்டையில் அச்சடித்திருப்பதோ பொன்னிற முறுகல் தோசை! விலை கூடினால் அலுமினியம் தடிக்கிறது, கைப்பிடி அழகாகிறது, இண்டக்‌ஷன் அடுப்புக்கு அடி கிடைக்கிறது. பூச்சின் ஆயுள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. எங்கள் ஊர்ப் பித்தளைப் பாத்திரத்துக்கும் உள்ளே பூச்சு உண்டு. ஈயம் தேய்ந்தால் ஈயம் பூசுகிறவரிடம் கொடுத்து வாங்கிக்கொள்வோம், பாத்திரம் பேத்தி காலம்வரை வரும். இதைத் தூக்கித்தான் எறிய வேண்டும்.

திருவாரூர் பெரியவர்:
காசு போகட்டும் அம்மா. உதிரும் பூச்சு வயிற்றுக்குள் போனால் விஷமில்லையா?

மன்னார்குடிக்காரன்:
ஐயா, துணுக்கு செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். கெட்ட பெயர் வாங்கித் தந்தது பிஎஃப்ஓஏ என்ற பொருள். பூச்சுத் தயாரிப்பில் பயன்பட்ட அது, எளிதில் அழியாத நச்சுப் பொருள்களை ஒழிக்க உலக நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் 2019-ல் சேர்க்கப்பட்டது. அஞ்ச வேண்டியது கல் அளவுமீறிக் காய்ந்தால் கிளம்பும் புகைக்கு. கிளி வளர்க்கும் வீட்டில் அந்தப் புகை பறவையைக் கொன்றேவிடும்.

மாயவரத்து மருமகள்:
எல்லோரும் இரும்புக்குத் திரும்பச் சொல்லப்போகிறீர்கள் என்று தெரிகிறது. என் மாமியாருக்கு மணிக்கட்டு வலி. வார்ப்பிரும்புக் கல்லை அவரால் அடுப்பிலிருந்து இறக்கவே முடியாது. எண்ணெயும் குறைக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். அவருக்கு நான்ஸ்டிக்தான் கைகொடுக்கிறது.

குடந்தை வாசகி:
அவருக்கு அதுவே இருக்கட்டும் அம்மா. ஆனால் விலை குறைந்ததாக வாங்குங்கள், தேய்ந்ததும் மனம் நோகாமல் மாற்றலாம். என் கோபம் தேய்வதைப் பற்றி அல்ல. தேயும் பொருளை ஆயுளுக்கும் உழைக்கும் என்பதுபோல் விலைவைத்து விற்பதைப் பற்றி. நான் வார்ப்பிரும்பே வாங்கப்போகிறேன். வடித்த கஞ்சியில் ஊறவைத்துக் கழுவி, நல்லெண்ணெய் தடவிச் சிறுதீயில் காயவைத்துப் பழக்கினால், எண்ணெய் இறுகிக் கருப்புப் படலமாகப் படியும். அது போனாலும் வீட்டிலேயே மறுபடி பழக்கிக்கொள்ளலாம்.

மன்னார்குடிக்காரன்:
பழக்குங்கள். புளி சேர்ந்த எதையும் அதில் வைக்காதீர்கள், படலம் அரித்துவிடும். கழுவியதும் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவுங்கள், ஐப்பசி மழையில் ஒரே இரவில் துருவேறும். இந்த வேலையெல்லாம் வேண்டாம் என்றுதான் நான் நான்ஸ்டிக்கில் இருக்கிறேன். விலை விஷயத்தில் மட்டும் உங்கள் கட்சி.