இன்னைக்கு ராத்திரிக்கு என்ன சமையல்?

போன மாசம் ஒரு புதன்கிழமை. வேலை முடிஞ்சு வீடு வர 7 மணி ஆயிடுச்சு. காலையில கொண்டைக்கடலை ஊறப்போட மறந்துட்டேன். குக்கருக்குள்ள 120 டிகிரி வரை சூடேறுமே, எப்படியும் வெந்துடும்னு தக்காளியோட சேர்த்து ஏத்திட்டேன். அரை மணி கழிச்சுத் திறந்தா கல்லு கல்லா கிடக்கு. திரும்ப மூடினேன், திரும்பத் திறந்தேன். ஒருவழியா வெந்தப்போ மணி 9. என் 4 வயசுப் பொண்ணு சோபாவுலயே தூங்கிட்டா. எழுப்பிப் பார்த்தேன், ஒரு வாய்கூட வாங்கலை. அன்னைக்கு அவ பக்கத்துல படுத்து அழுதேன்.

புளிப்பு சேர்ந்தா பயறு குழைய ரொம்ப நேரமாகும்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஊறவெச்சு, வெறும் தண்ணியில தனியா வேகவெச்சுட்டு, தக்காளியைக் கடைசியிலதான் சேர்க்கணும். இப்போ ஞாயிற்றுக்கிழமையே மொத்தமா வேகவெச்சு, வேளைக்கு ஒரு டப்பான்னு பிரிச்சு ஃப்ரீசர்ல வெச்சுடறேன். முதல் நாள் ராத்திரியே ஒரு டப்பாவை ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுக்கு இறக்கிட்டா, மறுநாள் 20 நிமிஷத்துல சாப்பாடு ரெடி.

உங்க வீட்ல எப்படிச் சமாளிக்கிறீங்க? சொல்லுங்களேன்.

* * *

படிச்சதும் மனசு கனத்துப் போச்சு சகோதரி. என் மனைவிக்கு மாலை ஷிஃப்ட் வந்ததுல இருந்து ராத்திரிச் சமையல் என் பொறுப்பு. ஒரு வருஷம் ஆச்சு. அடுப்பு வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. என்ன செய்யறதுன்னு முடிவு பண்றதுதான் ஆளைக் கொல்லுது. 6 மணிக்கு ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சுக்கிட்டு அப்படியே நிப்பேன், ஒண்ணுமே தோணாது. இத்தனை வருஷமா இந்த யோசனையை அவ ஒருத்தியே சுமந்திருக்கா. "ஏதாவது செய்யேன்"னு சொல்லிட்டு நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்திருக்கேன். அதை அவகிட்டயே சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

இப்போ சனிக்கிழமை ரெண்டு பேரும் உட்கார்ந்து திங்கள் முதல் வியாழன் வரைக்கும் எழுதி ஒட்டிடறோம். வெள்ளிக்கிழமை மிச்சக் காய்களைத் தீர்க்கிற நாள். பிள்ளைங்க முகம் சுளிச்சாலும் எழுதினதை மாத்தறதில்லை. மாத்தினா 6 மணி யோசனை திரும்ப வந்துடும்.

* * *

மொத்தமா சமைச்சு வைக்கிறவங்க ஒண்ணே ஒண்ணு கவனிங்க. மறுநாளைக்கும் சேர்த்து ஒரு பெரிய பாத்திரம் சோறு வடிச்சேன். ஆறட்டும்னு மேடையிலேயே வெச்சவ அப்படியே தூங்கிட்டேன். காலையில எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சு, ராத்திரி ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் போட்டேன். 2 மணி நேரத்துல ரெண்டு பிள்ளைங்களும் வாந்தி. விடியற வரைக்கும் மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர்தான் விளக்கினாங்க. பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா. அதோட வித்து, சோறு வெந்தாலும் சாகாது. சோறு வெளியில கிடக்கக் கிடக்க அது பெருகி நச்சு விடும். அந்த நச்சு சூடு பண்ணினாலும் போகாது. அதனால இப்போ அகலமான தட்டுல பரப்பி ஆறவெச்சு, ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுடறேன். மறுநாளோட தீர்த்துடுவோம்.

* * *

நான் தனியா மகனை வளர்க்கிறேன், கைமாத்த ஆள் கிடையாது. வாரத்துல 2 நாள் சோத்துல முட்டையை உடைச்சு ஊத்திக் கிளறி, பக்கத்துல வெள்ளரிக்காய் நறுக்கி வைக்கிறேன், அவ்வளவுதான். பிள்ளைக்கு ஒழுங்கா ஆக்கிப் போடலையேன்னு ரொம்ப நாள் குறுகிப் போயிருக்கேன். போன வாரம் அவனே, "அம்மா, முட்டைச் சோறு என்னைக்கு?"ன்னு கேட்டான். வெள்ளரிக்காயை இப்போ அவன்தான் நறுக்கறான்.

* * *

அக்கா, அந்த முட்டைச் சோத்துக்கு வெங்காயத்தை முதல்லயே வதக்கணுமா, இல்லை முட்டையோட சேர்த்தே போடலாமா? நாளைக்கு எனக்கு வீடு வர லேட் ஆகும். பொண்ணு தூங்கறதுக்குள்ள அதைத்தான் செய்யப் போறேன்.