ஒரே கூண்டில் இரண்டு கினிப்பன்றிகள்: ஒன்று மற்றொன்றின் ரோமத்தைக் கடிக்கிறது

பாமணிக்கரை (கேள்வி):

மன்னார்குடிக்கு அருகே எங்கள் வீட்டில் இரண்டு பெண் கினிப்பன்றிகளை ஒரே கூண்டில் வளர்த்து வருகிறோம். மூத்தது இரண்டு வயதைக் கடந்தது. இளையதற்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அடைமழை தொடங்கியதிலிருந்து இளையதின் பிடரியிலும் தோளிலும் ரோமம் கத்தரித்து விட்டதுபோலக் குட்டையாகிக்கொண்டே வருகிறது. தோலில் புண்ணோ பொருக்கோ இல்லை. அது சொறிந்துகொள்வதாகவும் தெரியவில்லை. மூத்ததின் உடம்பில் ரோமம் சிறிதும் குறையவில்லை. முன்பெல்லாம் காலையில் முற்றத்தில் விட்டுப் புல் மேய விடுவோம். மழையால் இப்போது நாள் முழுவதும் கூண்டிலேயே இருக்கின்றன. முயலுக்கென்று கடையில் விற்கும் பெல்லட்டும், காரட்டும், குறுவை அறுவடையில் வந்த வைக்கோலும் கொடுக்கிறோம். வேப்பெண்ணெய் தடவினால் கடிக்காது என்று பக்கத்து வீட்டார் சொல்கிறார்கள். அதைச் செய்யலாமா, அல்லது இரண்டையும் பிரித்துவிடுவதுதான் வழியா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

குடந்தை வளர்ப்பாளர்:

கினிப்பன்றியின் வாய் அதன் பிடரிக்கு எட்டாது. ஆகவே அங்கே ரோமம் குட்டையானால் அது இன்னொன்றின் வேலை என்பதில் ஐயமில்லை. இணையாக வாழும் இடங்களில் பெரும்பாலும் ரோமம் குறையாமல் இருப்பதே கடிப்பதாகவும் இருக்கும். காதுக்குப் பின்னால் உள்ள சிறு வழுக்கையை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம்; அது எல்லாக் கினிப்பன்றிகளுக்கும் பிறவியிலேயே உண்டு.

இதைச் சண்டை என்று எண்ண வேண்டியதில்லை. மூத்தது தன் மேலாண்மையைக் காட்டுகிறது என்பது பாதிக் காரணம். வாய்க்கு வேலை இல்லை என்பது மீதி. இவற்றின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை; நாளின் பெரும்பகுதி நார் மிகுந்த புல்லை மென்றுகொண்டே இருப்பதற்கு அமைந்த உடம்பு அது. பெல்லட்டைச் சிறிது நேரத்தில் தின்று முடித்துவிட்டால், அடுத்து மெல்லுவதற்கு எதிரே இருப்பது உடனிருப்பதின் ரோமம்தான். முற்றத்து மேய்ச்சல் நின்றதும் இது தொடங்கியது என்று தாங்களே எழுதியிருப்பதால், எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வைக்கோலை நம் பக்கத்தில் எல்லாரும் புல்லுக்கு ஈடாக நினைக்கிறார்கள். மாட்டின் வயிறு வேறு. நெல் வைக்கோலில் மணற்சத்து அதிகம், புரதம் மிகக் குறைவு; கினிப்பன்றிக்கு அது படுக்கையாகப் பயன்படலாம், முதன்மைத் தீவனமாக ஆகாது. அருகம்புல்லும், மாட்டுக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லின் இளந்தழையும் எந்நேரமும் கிடைக்கும்படி வையுங்கள்.

இடத்தையும் பாருங்கள். இரண்டுக்கு ஏழரைச் சதுர அடித் தரையாவது வேண்டும். தீவனக் கிண்ணமும் தண்ணீர்ப் புட்டியும் இரண்டிரண்டாக, எதிரெதிர் மூலைகளில் இருக்கட்டும். ஒளிந்துகொள்ளும் பெட்டிக்கு இரண்டு வாசல் வெட்டுங்கள். ஒரே வாசல் இருந்தால் மூத்தது அதை மறித்துக்கொண்டு உட்கார்ந்து, உள்ளே அகப்பட்டதைக் கடிக்கும். கொய்யாவும் முருங்கைக்கீரையும் தினமும் கொடுத்தால் ரோமம் விரைவில் வளரும் என்பது என் கருத்து.

ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவர்:

குடந்தை நண்பர் கூறியவற்றோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். முருங்கைக்கீரையைத் தினமும் கொடுப்பது மட்டும் வேண்டாம். அதில் சுண்ணாம்புச்சத்து மிகுதி, கினிப்பன்றிக்குச் சிறுநீர்ப்பையில் கல் உண்டாகும் இயல்பும் உண்டு. கொய்யா நல்லது. மனிதரைப் போலவே இந்த விலங்காலும் வைட்டமின் சி-யை உடம்பில் உண்டாக்கிக்கொள்ள முடியாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை உணவிலிருந்தே வர வேண்டும். முயல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்பதால், முயல் பெல்லட்டை நம்பி இருப்பது சரியன்று. ஒரு துண்டுக் கொய்யாவோ குடைமிளகாயோ போதும். வைட்டமின் சொட்டுமருந்தைத் தண்ணீரில் கலந்தால் விரைவிலேயே வீரியம் இழந்துவிடும்.

தாங்கள் விவரித்தது கடிபட்ட ரோமமாகவே தெரிகிறது. எனினும் விரலால் தடவிப் பாருங்கள்: கடித்த இடத்தில் குட்டையான, மொட்டையான முனைகள் நெருடும். சொறி உண்ணியானால் அரிப்புத் தாங்காமல் துடிக்கும், சில சமயம் வலிப்பே வரும். படர்தாமரை பெரும்பாலும் மூக்கைச் சுற்றியும் கண்ணைச் சுற்றியும் செதிலாகத் தொடங்கும். அது குழந்தைகளுக்கும் ஒட்டும். மூத்ததின் இரு விலாவிலும் ஒரே அளவில் ரோமம் உதிரத் தொடங்கினால், அந்த வயதுப் பெண்ணுக்குச் சினைப்பைக் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்ய வேண்டும்.

வேப்பெண்ணெய் வேண்டாம், தடவியதை இரண்டும் நக்கிவிடும். அதைவிட முக்கியமாக, கடித்த இடம் புண்ணாகிவிட்டது என்று வீட்டில் இருக்கும் அமாக்சிசிலினைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள். பென்சிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகலாம். புண் வந்தால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள மருத்துவமனைக்கோ கொண்டுசெல்லுங்கள்.

பாமணிக்கரை:

இருவருக்கும் நன்றி ஐயா. தடவிப் பார்த்தேன், குட்டை முனைகள்தான் தட்டுப்படுகின்றன. இந்த மழையில் புல்லைக் காயவைக்க வழியில்லையே? வயல் வரப்பில் அறுத்த ஈரப்புல்லைக் கொடுக்கலாமா?

குடந்தை வளர்ப்பாளர்:

ஈரப்புல்லை உதறி, கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் மெல்லியதாகப் பரப்பி, நீர் வடிந்ததும் பச்சையாகவே கொடுக்கலாம். பல நாள் பழகாத வயிறு என்பதால் முதலில் ஒரு கைப்பிடியில் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள். குவித்து வைத்துச் சூடேறிய புல்லால் வயிறு உப்பும். பூசணம் பிடித்த வைக்கோலைப் படுக்கைக்கும் போடாதீர்கள். வரப்புப் புல் மட்டும் வேண்டாம், களைக்கொல்லியும் எலி மருந்தும் எங்கே விழுந்திருக்கும் என்று சொல்ல முடியாது. கொல்லைப்புறப் புல்லே போதும்.

பிரிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புல்லும் இடமும் சரியான பிறகும் கடிப்பது நிற்காவிட்டால், அல்லது இரத்தம் வந்துவிட்டால், கூண்டின் நடுவே கம்பி வலை வைத்துத் தடுங்கள். ஒன்றையொன்று பார்க்கவும் குரல் கேட்கவும் முடிந்தால் தனிமையில் வாடாது.

ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவர்:

அந்த வலையின் கண்கள் சிறியவையாக இருக்கட்டும். பெரிய கண் வழியே மூக்கை நுழைத்துக் கடிப்பதையும் பார்த்திருக்கிறேன்.