டிஷ் கேபிள் செருகினால் ஸ்பீக்கரில் உர்ரென்ற இரைச்சல், வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் வால்யூமியோ என்ற பாட்டு மென்பொருளைப் போட்டு, யுஎஸ்பி டேக் (DAC, டிஜிட்டலை ஒலி சிக்னலாக மாற்றும் கருவி) வழியாக ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுத்திருக்கிறேன். எல்லாம் சிடியிலிருந்து எடுத்த ஃப்ளாக் கோப்புகள், 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். கச்சேரி போட்டால் பின்னால் தம்புரா ஒலிப்பது வரை துல்லியமாகக் கேட்கும், அதை விட மனசில்லை.

டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்தும் இதே ஆம்ப்ளிஃபயருக்கு ஒயர் இழுத்ததிலிருந்துதான் தொல்லை. பாட்டு ஓடாதபோதும் உர்ரென்று ஒரே இரைச்சல், வால்யூமைக் குறைத்தாலும் அப்படியே இருக்கிறது. செட்டாப் பாக்ஸின் பின்னாலிருக்கும் டிஷ் கேபிளை மட்டும் கழற்றினால் சட்டென்று நின்றுவிடுகிறது, அதனால் இது எர்த் லூப்தான், அதாவது ஒயர்களின் எர்த் இணைப்புகள் வளையமாகி அதில் ஓடும் கரண்ட்தான் இரைச்சலாகக் கேட்கிறது. கேபிளிலேயே ஐசொலேட்டர் (அந்த வளையத்தை அறுக்கும் சாதனம்) போடலாம் என்றால், மாடியில் டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்என்பிக்கு 13/18 வோல்ட் அதே கேபிளில்தான் போகிறது, அந்த டிசி மின்சாரத்தைத் தடுக்கும் ஐசொலேட்டர் போட்டால் படமே வராது.

இரண்டு வழி தெரிகிறது. டிவியில் ஆப்டிகல் அவுட் இருக்கிறது, அது வெளிச்சத்தில் போவதால் லூப் அறுந்துவிடும், ஆனால் ஆப்டிகல் உள்ள வேறு டேக் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆர்சிஏ ஒயரின் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் ஐசொலேட்டர். விலை குறைந்ததைப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா, பேஸ் குறைகிறதா? ஆப்டிகலுக்கு மாறியவர்கள் டிவி ரிமோட்டில் வால்யூம் மாற்ற முடிகிறதா என்றும் சொல்லுங்கள், அம்மாவுக்கு அது ரொம்ப முக்கியம்.

ஆம்ப்ளிஃபயரின் எர்த் பின்னை எடுத்துவிடு என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது.