கோத்தகிரிப் பக்கம் பட்டா நிலத்தில் சதுப்பு: வீடு கட்டவே முடியாதா?

மலைமுகடு:
40 சென்ட், ரயத்துவாரி பட்டா. கீழ்ப்பாதியில் வருஷம் முழுக்க ஊற்று கசியும், கோரை மண்டிக் கிடக்கும். மேல்பாதியில் 900 சதுர அடி வீட்டுக்கு மனு போட்டால், "ஈரநிலம், 50 மீட்டருக்குள் கட்டக்கூடாது" என்று வாய்மொழியாகச் சொல்கிறார்கள். சொந்தப் பட்டாவுக்கும் இது பொருந்துமா? நஷ்டஈடு கேட்கலாமா?

சர்வேகல்:
எந்த விதி என்று எழுத்தில் வாங்குங்கள் சார், மற்றதெல்லாம் பிறகு. 50 மீட்டர் கணக்கு 2017 ஈரநில விதிகளின் 4ஆம் விதியில் வருவது. ராம்சர் தளங்களுக்கும் (சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்கள்) அரசு அறிவிக்கை செய்த ஈரநிலங்களுக்கும்தான் அந்த விதிகள். அறிவிக்கை இருந்துவிட்டால் பட்டா காப்பாற்றாது. அளப்பதும் உங்கள் வேலியிலிருந்து அல்ல, விதிகள் வந்த நாளுக்கு முந்தைய பத்து வருஷத்துச் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து.

கோத்தகிரியில் லாங்வுட் சோலை 2024இல் ராம்சர் தளமானது. நிலம் அதை ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஈரநிலங்களின் பட்டியலைப் பாருங்கள், 4ஆம் விதியின் அடிப்படையில் அவற்றையும் காக்கச் சொல்லி உச்ச நீதிமன்ற உத்தரவு இருக்கிறது. உங்கள் 20 சென்ட் தனியாக அதில் வராது. பள்ளம் முழுக்கப் பரவிய சதுப்பின் ஒரு துண்டு என்றால் கதை வேறு.

நஷ்டஈடு கடினம். சொத்துரிமை 1978க்குப் பிறகு அடிப்படை உரிமை இல்லை. அரசியலமைப்பின் 300ஏ பிரிவில்தான் நிற்கிறது. நிலத்தை எடுத்துக்கொள்வது வேறு, பயன்பாட்டைக் கட்டுப்படுத்துவது வேறு; இங்கே நடப்பது இரண்டாவது.

பச்சைத்தேயிலை:
ஈரநில விதி பொருந்தாவிட்டாலும் ஹாக்காவை (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) மறக்காதீர்கள். கிராமம் அதன் பட்டியலில் இருந்தால் புவியியல் மற்றும் சுரங்கம், வேளாண் பொறியியல், வனம் என்று துறைத் தடையின்மைச் சான்றுகள் கேட்பார்கள். கட்டட உயரம் 7 மீட்டர்தான். கலெக்டர் அனுமதி இல்லாமல் ஜேசிபி இறக்கினால் வண்டியே பறிமுதலாகிவிடும். மனுவோடு சரிவு காட்டும் வரைபடம் வையுங்கள், கீழ்ப்பாதியை அப்படியே விடுவதாகக் குறித்து.

சாரல்:
சட்டம் விட்டாலும் மண் விடாது. நவம்பரில் 1.5 மீட்டர் சோதனைக் குழி வெட்டுங்கள். மறுநாள் தண்ணீர் நின்றால் உறிஞ்சுகுழி வேலை செய்யாது. கழிவு நேராக ஊற்றில் கலக்கும், கீழே யாரோ அதைக் குடிப்பார்கள். சதுப்பை மண் கொட்டி மூடுவது படுமுட்டாள்தனம். ஊற்று அடைபடாது, பக்கத்துச் சரிவில் வெளிவரும், தாங்குசுவரைத் தள்ளும். வாய்க்கால் வெட்டி வடித்தாலும் கரிமண் (மக்கிய செடிகொடியால் ஆன சதுப்பு மண்) காய்ந்து சுருங்கும். மேலே இருக்கும் சுவர் விரிசல் விடும்.

மலைமுகடு:
எஃப்எம்பியில் (நில அளவைப் படம்) ஓடை எதுவும் இல்லையே?

சர்வேகல்:
இப்போதைய படத்தை நம்பாதீர்கள். உட்பிரிவுக்கு முந்தைய பழைய எஃப்எம்பியும் 'அ' பதிவேட்டு (கிராமத்தின் நிலப் பதிவேடு) நகலும் தாலுகாவில் கேளுங்கள். அதில் ஓடைப் புறம்போக்கு இருந்தால் முதலில் அதைத் தள்ளிவிட்டுத்தான் உங்கள் மேல்பாதியை அளக்க முடியும்.